வளைந்து போன சாலை

நகராட்சியின் இருபதாண்டுத் திட்ட வரைபடம் சுவரில் தொங்கியது. அந்த அம்மாள் அதை விரலால் குத்தினாள்.

“ஊர் பூரா நேரா வர்ற ரோடு, எங்க தெருவுல மட்டும் ஏன் வளையுது?”

திட்ட அதிகாரிக்கு வியர்த்தது. “மண்ணு சரியில்ல.”

“மண்ணா? உன் புத்தியா? எந்த வீட்டைக் காப்பாத்த தையல்காரி வீட்டு மேல ரோட்டை ஏத்தினே? அவளுக்குக் கேக்க நாதியில்லன்னுதானே?”

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “பாவம், தையல்காரிக்குச் சொந்தம் போல.”

“மெதுவாப் பேசும்மா.”

“முடியாது. கோட்டை நேராக்கு!”

“நேராக்கினா நம்ம வீடு போயிடும்மா!”

“போகட்டும். அவளைத் தெருவுல நிறுத்திட்டு எனக்கு அங்க தூக்கம் வருமா?”

பென்சிலை எடுத்து மகனின் கையில் திணித்தாள் தாய்.