பல்டன் கிளம்பிடுச்சு

"சம்பந்தி, பல்டன் கிளம்பிடுச்சு" என்றார் பூரன் சிங் போனில்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "வரட்டும், வரட்டும்! இங்க பூரிக்கு மாவு பிசைஞ்சாச்சு" என்று, அவரை மேலே ஒரு வார்த்தை பேச விடாமல் போனை வைத்தேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புறப்பட்டாச்சா? எத்தனை பேராம்?" என்று கேட்டாள் என் மனைவி ஹன்சா.

"பல்டனே வருதாம்."

"பல்டன்னா எத்தனை பேருங்க?"

கேட்டிருக்கக் கூடாது. பட்டாளத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிட, அடுத்தவர் பேச்சில் பிழை பிடித்ததுதான் அதிகம். சுபேதார் உமேத் சிங்காகிய நான் வருகிறேன் என்றால் பித்தோராகட் கடைத்தெருவில் பாதிப் பேர் சந்துக்குள் புகுந்துவிடுவார்கள்.

"பிளாட்டூன்னா முப்பது பேரு. அந்த வார்த்தைதான் நம்மாளுங்க வாயில விழுந்து பல்டன்னு ஆச்சு. ஆனா பட்டாளத்துல பல்டன்னா முப்பது இல்ல. முழு பட்டாலியன், எண்ணூறு பேரு! வார்த்தை சுருங்கிச்சு, ஆளுங்க பெருகிட்டாங்க."

"ஐயையோ, எண்ணூறு பேருக்கா பூரி சுடணும்?" ஹன்சா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட, மிட்டாய்க் கடை வெச்சிருக்கிற சம்பந்திக்கு என்ன தெரியும்? வேன்ல கொஞ்சம் பேரு ஏறினாலே அவருக்குப் பல்டன்தான். நிச்சயதார்த்தத்துக்கும் 'எங்க பல்டனே வந்திருக்கு'ன்னுதானே சொன்னாரு? அங்கேயே நிறுத்தி விளக்கினேனே!"

"ஆமாமா, தட்டு மாத்தக்கூட விடாம."

"'இனிமே அந்த வார்த்தையைத் தப்பா சொல்லவே மாட்டேன்'னு காதைத் தொட்டுச் சத்தியம் பண்ணாரு. இன்னைக்கும் அதே பாட்டு. மனுஷன் தேற மாட்டாரு. நீ முப்பது பேருக்குச் சுடு."

போன் மறுபடி அடித்தது. பூரன் சிங்தான். நான் அப்போது சமையல்காரருக்கு பிளாட்டூன் விளக்கிக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை.

"அப்பா, போனை எடுங்களேன்" என்றாள் மகள் கங்கோத்ரி. மூக்கில் பெரிய நத்து, தலையில் மஞ்சள் முக்காடு, கண்ணில் மட்டும் கலக்கம். "அவரு முகாம்லேருந்து வந்து சேர்ந்தாரான்னாவது கேளுங்க."

அவள் பயம் நியாயம்தான். மாப்பிள்ளை ஹரீஷ் பட்டாளத்தில் நாயக். லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போன கல்யாணம் இது. இதுவும் தவறினால் தாங்க மாட்டாள் பிள்ளை.

"லீவு கையெழுத்தாயிடுச்சும்மா. அவங்கப்பா வண்டியிலதான் வர்றான். பல்டன் கிளம்பிடுச்சுன்னு அவரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்று அவள் தலையைத் தடவினேன்.

மத்தியானம் சாலை வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் மேளக்காரர்கள் பிளந்து கட்டினார்கள். என் பழைய மெடல்களையெல்லாம் கோட்டில் குத்திக்கொண்டு, மாலையோடு நெஞ்சை நிமிர்த்தி வாசலுக்குப் போனேன். எண்ணூறு என்று நினைத்து ஹன்சா நடுங்கினதை சம்பந்தியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று ஒத்திகை வேறு.

வந்தது ஒரே ஒரு ஜீப். பூரன் சிங் மட்டும் இறங்கினார். தலையில் பாகை இல்லை.

பின்னால் வேன் வரும் என்று நினைத்துக்கொண்டேன். "வாங்க சம்பந்தி! எங்க உங்க பல்டன்?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

மேளம் தானாக நின்றது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லைக்குப் போயிடுச்சு சம்பந்தி, ஹரீஷையும் ஏத்திக்கிட்டு."