பெயர் கெட்ட கார்டு

கம்ப்யூட்டரில் ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் மானிட்டர் மறுபடியும் இருண்டது. "உன் கம்பெனி டிரைவர் சாஃப்ட்வேரே இப்படித்தான், ஊரே சொல்லுது" என்று கிராபிக்ஸ் கார்டிடம் சிடுசிடுத்தது.

கார்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த மாசம் மூணு டிரைவர் மாத்தியாச்சு! உன் முதுகுல கேபிள் லூசா தொங்குது, அதைப் பாரேன்."

"என்மேல பழி போடாதே."

விளையாடிக்கொண்டிருந்த இன்பராஜ் எரிச்சலோடு அந்தக் கார்டைக் கழற்றி மேசையில் போட்டான். பேர்போன கம்பெனியின் புதுக் கார்டைச் செருகினான். பத்தே நிமிடத்தில் மானிட்டர் மீண்டும் இருண்டது.

இப்போதாவது உண்மை தெரியும் என்று மேசையிலிருந்த பழைய கார்டு காத்திருந்தது.

"நீ கவலைப்படாதேம்மா" என்று மானிட்டர் புதுக் கார்டிடம் குழைந்தது. "பழையவனோட டிரைவர் மிச்சம் எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு. போயும் நிம்மதியா விடமாட்டேங்கிறான்."