கதவைச் சாத்திய குளியல்

“ஆணா பொண்ணான்னு கேட்டா, ‘நல்லாருக்கு’ங்கிறா. இது ஒரு பதிலாடி?”

ராமுத்தாய்க்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தத் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். இந்தப் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிப்பாட்டுகிறாள்.

“புள்ள அவளுதுதானா?” குழாயடியில் ஒருத்தி கிளப்பிவிட்டாள்.

“வாயக் கழுவு! என் மகன் மணிகண்டன் ஜீப்புலதான வவுத்தத் தள்ளிக்கிட்டுப் போனா. இது வேற என்னமோ. இன்னைக்குப் பாக்காம விடமாட்டேன்.”

ராமுத்தாய் வாயில் விழுந்தால் லயம் முழுக்க விழுந்த மாதிரி. மாரீஸ்வரி பயந்ததே அதற்குத்தான். பாவம், அன்றைக்கென்று தாழ்ப்பாள் போட மறந்துவிட்டாள்.

ராமுத்தாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை துணியில்லாமல் பாயில் கிடந்தது.

பார்த்தாள்.

மாரீஸ்வரி அழுதேவிட்டாள். “அத்தை, உங்க கால்ல விழுறேன், வெளிய சொல்லிராதீங்க! நோயில்லன்னு டாக்டர் சொன்னாரு. ஆணு இப்படி, பொண்ணு இப்படின்னு நாம வச்சிருக்கிறதுல அடங்காத உடம்போட சில புள்ளைங்க பிறக்குமாம். இன்டர்செக்ஸ்னு பேராம். சிலருக்கு வயசுக்கு வர்றப்பதான் தெரியவே செய்யுமாம். இப்ப ஆபரேஷன் எதுவும் வேண்டாம், வளந்து அதுவே சொல்லட்டும்னாரு. ஆனா ஊரு…”

“தண்ணி ஆறிப்போச்சு. வேற ஊத்து.”

ராமுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகி, காலை நீட்டி உட்கார்ந்தாள். குளிப்பாட்டித் துவட்டி, துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். குழாயடிக் கூட்டம் மொத்தமும் வாசலில் நின்றது.

“என்னக்கா, என்ன புள்ள?”

“பசிச்ச புள்ள. போங்கடி, கொழுந்து எடுக்க நேரமாச்சு! இனி இதை நான் மட்டுந்தான் குளிப்பாட்டுவேன். எவளாவது எட்டிப் பாத்தீங்க, அப்புறம் இருக்கு.”

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ராமுத்தாய் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

“அத்தை… உங்களுக்கு ஒருமாதிரியா இல்லையா?”

ராமுத்தாய் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

“என் மணிகண்டனையும் கதவச் சாத்தித்தான் குளிப்பாட்டினேன். நோயில்லன்னு சொல்ல அப்ப ஒரு டாக்டரும் இல்ல. இன்னொருத்தி அப்படித் தனியாக் கெடந்து அழக் கூடாதுன்னுதான், லயத்துல எந்தப் புள்ள பிறந்தாலும் முதல்ல நான் ஓடியாரேன்.”