முசுடு ஆடிட்டர்

“காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. அதை விட்டுட்டு ஆடிட்டர்கிட்ட பயிற்சிக்குப் போறேங்கிறியே, கண்ணு!” அப்பா புலம்பினார்.

“நிஜக் கம்பெனியோட கணக்கைப் பார்த்தே கத்துக்கலாம்ப்பா.” மகள் அசையவில்லை.

“அந்த ஆடிட்டர் சரியான முசுடு. கூட்டல்ல ஒரு ரூபாய் இடிச்சாலும் முதல்லேருந்து போடச் சொல்வாங்க. போன தடவை சேர்ந்தவன் ஒரே வாரத்துல ஓடிட்டான்.”

“நான் ஓட மாட்டேன்ப்பா.”

உள்ளறைக் கதவு திறந்தது. அப்பா அவசரமாகப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்துடு. ஆபீஸ்ல என்னை அம்மான்னு கூப்பிடக் கூடாது,” என்றார் ஆடிட்டர்.

மகள் துள்ளிக் குதித்தாள்.

அப்பா அவள் காதருகே குனிந்தார். “கல்யாணம் ஆனதிலேருந்து நான் அவகிட்ட பயிற்சியிலதான் இருக்கேன். இன்னும் பாஸ் போடலை!”

“இப்படிப் பேசினா எப்படிங்க போடறது?” சிரித்தார் ஆடிட்டர்.