நான்காவது ஆடம்

“ஆர்ச்சர்! ஆடம் ஆர்ச்சர்! ஆர்ச்சர்னா வில்லாளி, அப்படித்தான் எழுதச் சொல்லப் போறேன். எப்படி இருக்கு?”

ஒரு வாரமாகக் கேட்பதையே அன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டான் ஆடம். அடுப்பிலிருந்து ரொட்டிகளை இழுத்துப் போட்டபடியே அவிஸ் சிரித்தாள்.

“நீ வில்லாளியா? போன ஞாயித்துக்கிழமை உன் அம்பு பாதிரியாரோட வாத்து மேல போய்ப் பாஞ்சுதே, அப்புறமுமா?”

“காத்து அடிச்சுது, அவிஸ்.”

“பாவம், அது வாத்துக்குத் தெரியாமப் போச்சு.”

இடைக்கால இங்கிலாந்தில், யார்க்ஷயரின் அந்தச் சின்ன ஊரில் நான்கு ஆடம்கள். எல்லாருக்கும் ஒற்றைப் பெயர்தான். போன மாதம் மாவரைக்கும் ஆடமின் பன்றி பிரபுவின் பட்டாணி வயலை மேய்ந்ததற்கு, ஆடு மேய்க்கும் இந்த ஆடமைப் பிடித்து, இரண்டு நாள் மரக்கட்டையில் கால்களைப் பூட்டி உட்கார வைத்துவிட்டார்கள். அதனால்தான் இன்று பிரபுவின் எழுத்தர் வந்து ஆளுக்கொரு இரண்டாம் பெயர் எழுதப் போகிறார். தொழிலைப் பார்த்து வைக்கும் பெயர். பிள்ளை, பேரன் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும் பெயர்.

“ஆடு மேய்க்கிறவனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?” என்றாள் அவிஸ்.

அவளுக்காகத்தான் என்று ஆடமால் சொல்ல முடியவில்லை. கணவன் இறந்து மூன்று வருடமாகத் தனியாக, ஊருக்கு ரொட்டி சுடும் அடுப்பையும் ஆறு ஏக்கரையும் ஆண்டுகொண்டிருப்பவள். கொல்லன் ஆடம் வேறு அவளுடைய அடுப்புக்குப் புது இரும்புக் கதவே அடித்துக் கொடுத்திருந்தான். அவனுக்கு எதிரே போய் நிற்க ஒரு நல்ல பெயராவது வேண்டாமா?

“சும்மாதான்” என்றான்.

“சும்மாவா? போய்யா, நேரமாச்சு” என்று சூடாக ஒரு ரொட்டியைக் கையில் திணித்து அனுப்பினாள்.

பிரபுவின் கூடத்தில் ஊரே நின்றது. கொல்லன் ஆடம், ஸ்மித் ஆனான். மாவரைப்பவன், மில்லர். வண்டிக்காரன், கார்ட்டர்.

“அடுத்த ஆடம்! என்ன தொழில்?”

“வில்…”

“தூங்குறது, ஐயா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “இவன் எங்க ஆடு மேய்க்கிறான்? ஆடுங்கதான் இவனைப் பாத்துக்குது!”

கூடம் சிரித்தது. ஆடம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“ஐயா, ஆர்ச்சர்னு எழுதுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாளைக்கு ஒருத்திகிட்ட போய், என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கணும். வெறும் ஆட்டுக்காரனாப் போனா, அவ கொல்லனைக் கட்டிக்கிட்டுப் போயிடுவா.”

எழுத்தர் இறகுப் பேனாவைத் துடைத்தார்.

“உன் பேரு காலையிலயே முடிவாகிடுச்சுப்பா. பாக்ஸ்டர்.”

“பாக்ஸ்டரா!” ஆடம் அலறினான். “ரொட்டி சுடுற பொம்பளையை இல்ல அப்படிக் கூப்பிடுவாங்க! நான் மாவைத் தொட்டதுகூட இல்லையே ஐயா!”

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

“விடியறதுக்கு முன்னாடியே அவிஸ் இங்க வந்து, மறுபடி கல்யாணம் பண்ணிக்க பிரபுகிட்ட அனுமதி வாங்கிட்டுப் போயிட்டா. மாப்பிள்ளை பேரு ஆடம்னு சொன்னா. நாலு பேர்ல எந்த ஆடம்னு கேட்டேன். ‘தனக்கு ஆகாத பேரைக் கேட்டு ஒருத்தன் கெஞ்சுவான், அவனுக்கு என் தொழில் பேரையே எழுதிடுங்க’ன்னுட்டா.”