கவனித்துக்கொள்ள ஆள் தேவை

"அண்ணி, பேஷண்ட் இடுப்புக்குக் கீழ முழுக்க ஈரமா இருக்கார்" என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

அண்ணியும் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில் அறுபதைத் தாண்டிய ஒருவர் கண் செருகிப்போய்ச் சாய்ந்திருந்தார். கால்சட்டையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாவம், எவ்வளவு நேரமா இப்படியே இருக்காரோ."

வீட்டுக்கார அம்மாள் இவர்களுக்குக் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லிவிட்டு, காதில் போனோடு மாடிக்குப் போனவர்தான். இன்னும் இறங்கவில்லை. அவருடைய மாமனாரைப் பகலெல்லாம் கூட இருந்து கவனித்துக்கொள்வதுதான் வேலை.

அண்ணிக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. கடைசியாகப் பார்த்தவரை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதில், அவர் எழுந்து நடந்து, தானே கதவைத் திறந்து அவளை வழியனுப்பிவைத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சும்மா இருக்கிறாள். மகளுக்கோ கல்லூரி திறக்கப்போகிறது.

நாத்தனார் வந்தது துணைக்குத்தான். ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டன்ட். பஸ்ஸில் வழியெல்லாம் சான்றிதழ், சீருடை, வார விடுமுறை என்று அளந்துகொண்டே வந்தாள். ஒரே கிழவரிடம் மாட்டிக்கொண்டு அவர் சொன்ன கதையையே திரும்பத் திரும்பக் கேட்கிற தலையெழுத்து தனக்கில்லை என்றாள். அண்ணியும் விடவில்லை. உன் ஆட்களுக்குப் பெயரா இருக்கிறது, கட்டில் நம்பர்தானே என்று கேட்டாள்.

ஆனால் இந்த வீட்டின் வெளிச்சத்தையும், ஒரே ஒரு நோயாளியையும் கண்டதும் நாத்தனாருக்கு நைட் ஷிப்ட் கசந்துபோனது.

"நானும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா அண்ணி?"

"துணைக்குன்னுதானே வந்தே?"

"பையில பிரஷர் மெஷின் இருக்கே."

அண்ணி பதில் சொல்வதற்குள் பெரியவரின் கையில் பட்டை ஏறிவிட்டது. அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"பயப்படாதீங்க ஐயா. எங்க வலிக்குது?"

"முதுகு" என்றார் அவர், யோசிக்காமலே. "குனிஞ்சு குனிஞ்சு."

"எத்தனை நாளா?"

"முப்பது வருஷமா."

"ஞாபகம் குழம்புது" என்று அண்ணியின் காதில் சொன்னாள் நாத்தனார்.

இனியும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை கைநழுவிவிடும். அண்ணி தன் பையைத் திறந்தாள். துண்டை எடுத்து அவர் கால்களைத் துடைத்தாள். தலையை வகிடெடுத்து வாரினாள். பிளாஸ்க் தேநீரில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டினாள்.

"நான் வந்து…" என்று ஆரம்பித்தார் அவர்.

"பேசாதீங்க ஐயா, புரையேறும்."

அடுத்த பிஸ்கட் வந்தது. அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மூன்றாவதுக்குத் தானே வாயைத் திறந்து காத்திருந்தார்.

நாத்தனாரும் சளைக்கவில்லை. நாடி பார்த்தாள். அவரை ஒருக்களிக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். அண்ணி அவர் கையைப் பிடித்து நகம் வெட்ட ஆரம்பித்தாள். கருங்கல் மாதிரிக் கை, இடுக்கெல்லாம் அழுக்கு. யாருமே கவனிப்பதில்லையா என்று கேட்டாள்.

"நான் இருக்கேனா இல்லையான்னே யாரும் பார்க்கறதில்லம்மா" என்றார்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நாத்தனார்கூடப் பட்டையை மெல்ல அவிழ்த்து, "இவரை நீங்களே பாருங்க அண்ணி. எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது" என்றாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மாள் கையில் ஒரு துண்டோடு இறங்கி வந்தார். நாற்காலியைப் பார்த்தார். தலையணை, வகிடு, மீசையில் பிஸ்கட் தூள் எல்லாவற்றையும் பார்த்தார். பாதிப்படியிலேயே நின்றுவிட்டார்.

"மாமனாரை நாளைக்குத்தான் டிஸ்சார்ஜ் பண்றாங்க. குழாயைச் சரிபண்ணி நனைஞ்சுட்டாரேன்னு பிளம்பரை உட்காரச் சொல்லிட்டுத் துண்டு எடுக்கப் போனா, நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"இந்த பிஸ்கட் அம்மாவையே வேலைக்கு வெச்சுக்குங்க மேடம்" என்ற பிளம்பர், நகம் வெட்டாத இன்னொரு கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "குழாய் எப்படியும் அடுத்த வாரம் மறுபடி ஒழுகும்."