கீலில் ஒரு சொட்டு

“பாப்பா ரூம் இதுதானே?” என்று கேட்டாள் அந்தப் பெண். மேஜை மேல் இருந்த குட்டி வீட்டை நோக்கி விரல் நீண்டது. ஆனால் தொடவில்லை.

“அதேதாம்மா! பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டீங்களே!” பொம்மை மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் கைக்கடக்கமாக வீடு கட்டித் தருவதால் தெருவில் அவருக்கு அந்தப் பேர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள், அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

இந்த வீட்டுக்கு ஆர்டர் கொடுத்தவர் காலையில்தான் போன் செய்திருந்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். “ஒரு அம்மா வருவாங்க. வீடு அவங்களோடதுதான். பாக்கணும்னு கேட்டா நாம காட்டித்தான் ஆகணும், பாத்துட்டுப் போகட்டும். எதையாவது மாத்தச் சொன்னா மட்டும் காதுல போட்டுக்காதீங்க.”

புது வீடு வாங்குகிறவர்களே இப்படித்தான், செங்கலுக்குச் செங்கல் திருத்தம் சொல்வார்கள் என்று மேஸ்திரியும் தலையாட்டிவிட்டார்.

கோட்டுக்காரர்தான் கொஞ்சம் வித்தியாசமான ஆள். மற்றவர்கள் வாசலில் மரம் வை, கார் நிறுத்து, பால்கனியில் சிரித்தபடி நாலு பேரை நிற்க வை என்று உயிரை எடுப்பார்கள். இவர் அதெல்லாம் எதுவுமே கூடாது என்றுவிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாப்பா ரூம் ஜன்னல் லேசாகத் தள்ளினால் திறக்க வேண்டும். நாளைக்கு நாலு பேர் முன்னால் திறந்து காட்டப்போகிறாராம். அது மட்டும் சரியாக அமைந்துவிட்டால் இனி அவர் ஆபீஸ் வேலை அத்தனையும் மேஸ்திரிக்குத்தான்.

“இத்தனூண்டு ஜன்னல்... நிஜமாவே திறக்குமா?”

“திறந்து காட்டட்டுமா?” குண்டூசி முனையால் தள்ளினார். தபால்தலை அளவு ஜன்னல் சத்தமே இல்லாமல் திறந்தது. அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சொந்த வீட்டு சந்தோஷம் யாரைத்தான் விட்டது!

“எப்படிங்க திறக்குது?”

அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஆரம்பித்துவிட்டார்.

“எல்லாம் பசையில இருக்கும்மா. இந்த பாட்டில்ல இருக்கிறது தண்ணி மாதிரி. ஒரு சொட்டு விட்டா போதும், எந்த இடுக்குன்னாலும் தானே ஓடிப் போய் உக்காந்துக்கும். சுவத்துக்கு இதுதான். ஆனா கீல்ல பட்டுச்சுன்னா கதை முடிஞ்சுது. கீலுக்கு இந்தக் கெட்டிப் பசை, வச்ச இடத்துல அப்படியே நிக்கும். முதல்ல ரெண்டு ஜன்னல் வீணாப் போச்சு. இது மூணாவது.”

“அந்தத் தண்ணிப் பசை காய எவ்வளவு நேரமாகும்?”

“கண்ணை மூடித் திறக்கிற நேரம்.”

“அப்புறம் பிரிக்க முடியாதா?”

“கரைக்க மருந்து இருக்கு. அதை ஊத்தினா கண்ணாடியும் சேர்ந்து கரைஞ்சுடும். சுவரையே பேத்துட்டு மறுபடி கட்டணும். ஒரு வாரம் இழுக்கும்.”

“பாட்டில் பழசானா ஒட்டாதாமே?”

“என்கிட்டயா? பழசாக விடுவேனா! ஈரம்தாம்மா இதுக்கு எமன். பிரிச்ச பாட்டிலை மூடி போட்ட டப்பாவுல வைப்பேன். ஷூ வாங்கினா உள்ள ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும் பாருங்க, ஈரத்தை இழுக்கிறதுக்கு, அதையும் கூடப் போட்டுடுவேன். பிரிக்காத பாட்டிலெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்ள. வெளிய எடுத்த உடனே திறந்துடக் கூடாது, குளிர் விடட்டும்னு பொறுமையா இருக்கணும். ‘பால் பக்கத்துல இந்தக் கருமத்தை வைக்காதீங்க’ன்னு வீட்டுல ஒரே சண்டை. அதுக்காகவே கடைக்குத் தனி ஃப்ரிட்ஜ் வாங்கிட்டேன். இருங்க, காட்டறேன்!”

பெருமை தாங்கவில்லை. எழுந்து போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

“பாருங்க, எப்படி அடுக்கி வச்சிருக்கேன்...” என்று திரும்பினார்.

அவள் கையில் தண்ணிப் பசை பாட்டில். அதன் கூர்மூக்கு, அவள் மூடிவிட்டிருந்த ஜன்னலின் கீலில் இருந்தது.

மேஸ்திரி பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினார். குண்டூசியால் தள்ளினார். அசையவில்லை. நகத்தை விட்டு நெம்பினார். சுவர்தான் நெளிந்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“ஐயையோ! என்னம்மா அநியாயம் இது? உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? நாளைக்கு அந்த மனுஷன் நாலு பேர் முன்னாடி எதைத் திறந்து காட்டுவாரு?”

“ஜட்ஜ் முன்னாடி” என்று திருத்தினாள் அவள்.

“எவர் முன்னாடியா இருந்தா என்ன? இனிமே இது திறக்காதே!”

அவள் பாட்டிலின் மூடியை மேஜை மேல் வைத்தாள். குரல் உயரவே இல்லை.

“தீப்பிடிச்ச அன்னிக்கும் இது திறக்கலைங்க.”